லெஃப்ட் மிரர் பாருங்க, சார்

பக்கவாதம் வந்த வீட்டில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "பழையபடி ஆயிடுவாரா?" கேட்பது பெரும்பாலும் நோயாளி அல்ல. மகன், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், சில நேரம் கீரை விற்க வந்த அம்மா. கட்டிலில் இருப்பவர் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட் நான். தெருவில் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. "கரண்டு வைக்கிற பொண்ணு" என்றால்தான் வழி சொல்வார்கள். கரண்டு மெஷினை எடுக்காமல் கிளம்பினால் அன்றைக்கு வைத்தியமே நடக்கவில்லை என்று நினைக்கிற வீடுகள் உண்டு. சிலருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் தான் படுத்துக்கொண்டு மெஷின் மட்டும் வேலை செய்தால் கை வந்துவிடாது.

பழையபடி ஆகுமா என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ அங்குள்ள செல்கள் செத்துவிட்டால் அவை திரும்ப வராது. சுற்றியிருக்கும் பகுதிகள்தான் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று மாதம் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், அப்புறம் மெதுவாகும். ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதான் என்று யாரோ சொல்லி நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அப்படி ஒரு கெடு எதுவும் இல்லை. ஆனால் மூளை ஒரு அசைவைக் கற்க வேண்டுமென்றால் அதையே நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான். காரணமே இல்லாமல் யார் நூறு தரம் கையைத் தூக்கி இறக்குவார்கள்? நானே செய்ய மாட்டேன்.

அதனால் முதல் நாள் கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்னாடி, "இது வர்றதுக்கு முந்தி, காலையில எந்திரிச்சதும் என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். குணமானால் சந்தோஷம் தானாக வரும் என்று வீட்டில் எல்லாரும் காத்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை சந்தோஷம் கொஞ்சமாவது முந்தி வந்தால்தான் குணமாகிற வேலையே நடக்கிறது.

செல்லூர்ப் பக்கம் ஒரு பூக்காரம்மா. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் உதிரிப்பூ எடுத்து வந்து, கட்டி, முழம் போட்டு விற்கிற குடும்பம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதைக் கட்டுகிற விரல்களை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த அம்மாவுக்கு இடப்பக்கம் விழுந்திருந்தது. கால் ஓரளவு வந்துவிட்டது. கைதான் முழங்கையில் மடங்கி, விரல்கள் உள்ளே சுருண்டு நின்றது. வீட்டில் ஒரு ஸ்பாஞ்சுப் பந்து வாங்கிக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார்கள். இந்தப் பந்து இல்லாத பக்கவாத வீட்டை நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே மூடிக்கொள்கிற கைக்கு இன்னும் மூடப் பழக்குவானேன்? இறுகிப்போன கைக்குப் பிடிப்பது கஷ்டமில்லை, விடுவதுதான் கஷ்டம்.

முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் அமெரிக்காவில் செய்துகாட்டிய உத்தி. கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் வரும் வலிக்காக அவர் கண்ணாடியைப் பயன்படுத்தினார். பிறகு அது பக்கவாதத்துக்கும் வந்தது. முகம் பார்க்கிற கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இடது கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, வலது கையை விரித்து மடக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்குள் இடது கை அசைவதாகவே தெரியும். அந்த அம்மா கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு கை தாயி?" என்றார். அடுத்த தடவை போனபோது பேத்தி அந்தக் கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பயிற்சி நடந்த மாதிரி தெரியவில்லை.

பூ கட்டச் சொல்லலாமா என்று கேட்டதற்கு மருமகள் பதறிவிட்டார். "வேணாங்க. அத்தை சும்மா உக்காரட்டும், நாங்க இருக்கோம்ல." பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த 'சும்மா உக்காருங்க' போல என் வேலைக்கு எதிரி வேறில்லை.

பூ கட்டுகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மொட்டுகளை எதிரும் புதிருமாக வைத்துப் பிடித்திருக்கும். வலது கை நாரைச் சுற்றி, வளையம் போட்டு இழுக்கும். முடிச்சு விழுந்ததும் இடது கை லேசாக விட்டு, அடுத்த பூவுக்கு நகரும். ஆக இடது கைக்கு உள்ள வேலையே பிடிப்பதும் விடுவதும்தான். ஒரு முழத்துக்குள் எத்தனை முடிச்சோ அத்தனை தடவை. இதைவிட நல்ல பயிற்சியை என் படிப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

மல்லி மொட்டு சின்னது, வழுக்கும். அதனால் சம்பங்கியில் ஆரம்பித்தோம். நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டார். அது என் யோசனை இல்லை, அவருடையதே. ஒவ்வொரு முடிச்சுக்கும் வலது கையால் இடது கட்டைவிரலை நெம்பித் திறக்க வேண்டியிருந்தது. டிவியில் ஒரு சீரியல் முடிவதற்குள் அரை முழம்கூட வராது, அதிலும் பாதி நெகிழ்ந்து தொங்கும். கையை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு மறுபடி எடுப்பார். பந்தை இப்படித் திட்டி நான் பார்க்கவில்லை. பிடிக்காததை யாரும் திட்டிக்கொண்டே தொடர்ந்து செய்வதில்லை, சும்மா தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஒரு முழம் சேர்ந்த அன்றைக்கு அதை அளந்து காட்டச் சொன்னேன். வேண்டுமென்றே இடது கையை நீட்டினார். முழங்கையிலிருந்து சுருண்ட விரல் வரைக்கும் பூவை வைத்துவிட்டு, "இந்தக் கையால அளந்தா நமக்கு லாபந்தான் தாயி" என்றார். அடுப்படிக்குள்ளிருந்து மருமகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இப்போது அந்த அம்மா மல்லியும் கட்டுகிறார். விரல் முழுசாக விரியவில்லை, விரியுமா என்று எனக்குத் தெரியாது. விற்கும்போது வலது கையால்தான் அளக்கிறார், கொசுறும் உண்டு.

எல்லாம் இப்படி அமைவதில்லை. இன்னொருவர் அரசு பஸ் டிரைவர். அவருக்கு அடைப்பு மூளையின் வலப்பக்கம். இடது கை கால் தளர்ந்ததோடு, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்திலிருந்து போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. முகத்தில் வலது பாதி மட்டும் ஷேவ் செய்துவிட்டு வந்து உட்காருவார். ஒரு அமாவாசை அன்று போயிருந்தேன், இலை போட்டிருந்தார்கள். இலையின் வலது பாதி துடைத்த மாதிரி இருந்தது, இடது பாதியில் வைத்தது வைத்தபடி. "எம்மேல என்ன கோபமோ, பொரியலைத் தொடவே மாட்டேங்குறாரு" என்றார் மனைவி. நான் இலையை அப்படியே திருப்பி வைத்தேன். நுனி வலப்பக்கம் போகிறதே என்று அந்தம்மா பதறுவதற்குள் அவர் பொரியலை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "இதை எப்ப வெச்சே?" என்று கேட்டார்.

இவர்களை இடப்பக்கம் பார்க்கப் பழக்குவது பெரும்பாடு. டிவியை இடப்பக்கம் மாற்றலாம், அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசலாம், கட்டிலின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டலாம். எல்லாம் செய்தோம். நான் சொல்லும்போது திரும்புவார், அடுத்த நிமிஷம் மறந்துவிடும். ஒரு நாள் வாய்க்கு வந்தபடி, "லெஃப்ட் மிரர் பாருங்க, சார்" என்றேன். கழுத்து சட்டென்று திரும்பியது. நம் ஊர் பஸ்ஸில் படிக்கட்டு இருப்பது இடப்பக்கம். ஆள் ஏறி முடித்தார்களா, படியில் யாராவது தொங்குகிறார்களா என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இடது கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கழுத்து அது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் மனைவி "லெஃப்ட் மிரர்" என்பார், இவர் திரும்பி இலையின் அந்த ஓரத்தைப் பார்ப்பார், பிறகு மகன் "போலாம் ரைட்" சொல்வான். வீடே கொஞ்சம் கலகலப்பானது.

அப்புறம் அவர் கேட்டார், எப்போது வண்டி எடுக்கலாம் என்று. டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்ததைத்தான் நானும் சொன்னேன்: முடியாது. அதோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "மனசைத் தேத்திக்கோங்க" என்பதைத் தவிர நம் வீடுகளில் அதற்கு மருந்து இல்லை. மூளையில் பட்ட அடிக்கும் அதில் பங்கு உண்டு, மனசு மட்டும் காரணமில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனார்கள், மாத்திரை கொடுத்தார். பல வாரம் கழித்துத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20-வது பிரிவு இருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது, பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இது தெரியாமல் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்க நினைப்பவர்கள் எத்தனையோ பேர். இவருக்கு டிப்போவிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. சந்தோஷமாக இருக்கிறார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படிச் சொல்ல முடியாது. போன தடவை பார்த்தபோது, புதுசாக வந்த பையன்கள் ஒருத்தனும் ஒழுங்காக மிரர் பார்ப்பதில்லை என்று வெகுநேரம் பொரிந்து தள்ளினார். அந்தக் கோபத்தில் ஒரு தெம்பு தெரிந்தது. எனக்கு அது போதும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குப் பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது புரியும், பதில் வராது. 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் இப்படி ஒருவரைப் பற்றி எழுதிவைத்தார், அந்த மனிதருக்கு "டான்" என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் வராது. நம் தலைமையாசிரியருக்குக் 'காப்பி' என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் பால் பாத்திரத்தில் பூனை வாய் வைத்ததும் "சனியனே, போ!" என்று முழுசாக வந்து விழுந்தது. மனைவி அழுதுகொண்டே, "என்னையும் ஒரு தடவை திட்டுங்களேன்" என்றார். வாய்க்குப் பழகிய வசவும், எண்ணிக்கையும், பாட்டும் இப்படி மிஞ்சி நிற்பது உண்டு. ராகம் போட்டுப் பேச்சை வரவழைக்கும் முறை 1970-களிலிருந்தே இருக்கிறது. பேச்சுப் பயிற்சி தருபவர், இவருக்குப் பழகிய பெருக்கல் வாய்ப்பாட்டு மெட்டையே எடுத்துக்கொண்டார். "ஈரெண்டு நாலு" இழுவையில் "காப்பி வேணும்". இப்போது தெருமுனை வரை கேட்கிறது.

என் வேலையில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு, அங்கே அதட்டித்தான் பேசுவேன். நடக்க வந்ததும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்து வைப்பது அது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, டப்பாவில் அப்படியே இருப்பதையும் பார்க்கிறேன். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108. அடைப்பைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் எல்லாருக்கும் ஒத்துவராது. பக்கவாதத்துக்குக் கைவைத்தியம் என்று நம்பிப் புறா ரத்தம் தேடி அலைகிற நேரம் இந்த நாலரையில் கழியும்.

இப்போது ஒரு பரோட்டா மாஸ்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். வலது கை. கல்லுக்கு முன்னால் நின்றால்தான் தனக்கு மூச்சே வரும் என்கிறார். பயிற்சிக்கென்று விற்கிற களிமண் மாதிரியான உருண்டையைக் கொண்டுபோனேன், பிசைந்து பார்த்துவிட்டு, "இதுல எண்ணெயே இல்லையே மேடம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த தடவை அவரே மைதா பிசைந்து ஊறவைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வீச்சு எப்போது என்று கேட்டார். வீச்சு அப்புறம், முதலில் உருண்டை பிடிங்க என்று சொல்லியிருக்கிறேன். பிடித்த உருண்டையைப் பரோட்டாவாகப் போட்டுத் தர மகன் தயார், சால்னா மட்டும் பக்கத்துக் கடையிலிருந்து வாங்க வேண்டும்.