பிளாட்புஷ் இரவு: போஸ்டரைப் படித்துவிட்டுப் போங்கள்

டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் ‘கரீபியன் நைட்’ என்று பலகை மாட்டிய இடங்களில் காசைக் கொட்டாதீர்கள். நியூயார்க்கில் அந்த இசையைக் கேட்க புரூக்ளினின் பிளாட்புஷுக்குத்தான் போக வேண்டும். 2ஆம் எண் சப்வே ரயில், சர்ச் அவென்யூ நிறுத்தம், 3 டாலர். அவ்வளவுதான்.

எந்தத் தீவுக்காரர்களின் இரவு என்பதைப் போஸ்டரில் போட்டிருக்கும் இசை வகையை வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள். சோக்கா என்றால் டிரினிடாட், கிரெனடா கூட்டம். வேகம், வியர்வை, கையில் கொடி. டான்ஸ்ஹால் என்றால் ஜமைக்கா. கூட்டம் கத்தினால் டிஜே பாட்டைச் சட்டென்று நிறுத்தி முதலிலிருந்து போடுவார்; கருவி பழுதில்லை, அதுதான் மரியாதை. கொம்பா என்றால் ஹைட்டி: ஜோடி நடனம், மடிப்புக் கலையாத சட்டை, மேடையில் இசைக்குழு. அந்தக் குழு நள்ளிரவு ஒரு மணிக்கு முன்னால் வாசித்தால் ஆச்சரியம். ஸ்னீக்கரும் தொப்பியுமாகப் போனால் வாசலோடு சரி.

பதினொன்றுக்குள் வந்தால் நுழைவு இலவசம் என்பது தூண்டில். காலி ஹாலில் இரண்டு மணி நேரம் குடிக்கிற பானத்திலேயே மிச்சப்படுத்தியது போய்விடும். நுழைவுக்கு ரொக்கமும், 21 வயதுக்குச் சான்றாக அசல் பாஸ்போர்ட்டும் வேண்டும். போன் படம் செல்லாது. பில்லில் 8.875% வரி ஏறும். டிப்ஸை அவர்களே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கொடுப்பீர்கள். ஸ்பீக்கர் சுவரை ஒட்டி நிற்பதானால் காதடைப்பான் கட்டாயம். (2017 வரை உரிமம் இல்லாத பாரில் ஆடுவதே இந்த ஊரில் குற்றம், 1926இல் போட்ட சட்டம்!)

சாப்பாட்டுக்கு டபுள்ஸ், வேறு பேச்சே இல்லை. ‘பாரா’ என்ற மெத்தென்ற பொரித்த ரொட்டி இரண்டு, மேலே கொண்டைக்கடலைக் கறி, புளிச் சட்னி, மிளகாய் சாஸ். ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட் போன இந்தியர்களின் வழிவந்தவர்களுடைய கைப்பக்குவம், சுத்த சைவம், பர்ஸுக்கும் பாதகமில்லை. காரத்துக்கு ‘ஸ்லைட்’ என்று சொல்லி வாங்குங்கள். அங்கே போடும் மிளகாய் ஆந்திரக் காரத்தையே ஓரம்கட்டும். காகிதத்தில் மடித்துத் தருவார்கள். நின்றபடியே, உடனே தின்ன வேண்டும், ஆறினால் பாரா நமுத்துவிடும்.

அதிகாலை நான்கு மணிக்கு பார் மூடும். எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருவதால் ஆப் டாக்ஸி விலை எகிறும். 5ஆம் எண் ரயில் அந்த நேரத்தில் இந்தப் பக்கமே வராது. 2 மட்டும்தான், சுமார் 20 நிமிடத்துக்கு ஒன்று. வாசலில் கூவி அழைக்கும் கார்களில் ஏறுமுன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: T எழுத்தில் தொடங்கி C எழுத்தில் முடியாவிட்டால் ஏறாதீர்கள், கேட்கிற தொகைக்குக் கணக்கே இருக்காது.