அந்த முதல் அடி

"அது காலி இடம் இல்ல, அப்படியே விட்டுடுங்க"ன்னு நான் மிக்ஸ் பண்ணின பாட்டப் பாடின பொண்ணு சொன்னா, நானும் சரின்னு தலையாட்டினேன். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இனிமே நான் சொல்றதெல்லாம் சாக்கு மாதிரிதான் கேக்கும்.

விஷயம் ஒரே ஒரு கிக், டிரம்ஸ்ல காலால அடிக்கிற பெரிய டிரம்மோட சத்தம். ஜமைக்கா இசையான ரெகேல ஒன் டிராப்னு ஒரு தாளம், நாலு எண்ணிக்கைல முதல் எண்ணிக்கைய டிரம்ஸ் விட்டுடும், கிக்கும் குச்சியால அடிக்கிற ஸ்னேர் டிரம்மும் சேந்து மூணாவதுலதான் விழும். எனக்குத் தெரியாததா என்ன. ஜாக்கி மிட்டு, லெராய் சிபில்ஸ் மாதிரி ரெகே ஆளுங்க எல்லாம் ஜமைக்கால இருந்து வந்து வாசிச்ச டொரண்டோல மிக்ஸிங், அதாவது பதிவான சத்தங்கள சேத்து சரி பண்ற வேலை, பண்ணி சோறு திங்கிறவன் நான், 1985லயே கனடாவோட இசை விருதான ஜூனோல ரெகேக்கும் கலிப்ஸோங்கற இன்னொரு கரீபியன் இசைக்கும் சேத்து தனி விருது வச்ச நாடு இது. ஆனா அவ பாட்டு முழு ரெகே இல்ல, பாதி ஆர்அண்ட்பி, டொரண்டோவோட ஜமைக்காக்காரங்க தெருவான எக்லிங்டன் வெஸ்ட்ல பஸ்ல போகும்போது எழுதினது. 2011ல தோண்ட ஆரம்பிச்ச ரயில் வேலை, தட்டி வச்சு மறைச்ச ஜமைக்கா கடைங்க, அவ பாட்டி முடி பின்னிக்கிட்ட சலூன்னு எல்லாம் வரும். சரணம் மாதிரி வர்ற வெர்ஸ்ல நாலு அடியும் இருக்கு, கோரஸ்ல மட்டும் திடீர்னு ஒன் டிராப். போன் ஸ்பீக்கர்ல கேட்டா பாட்டு அங்க பொசுக்குனு விழுந்துடுதுன்னு சொன்னேன். "விழட்டுமே, பேர்லயே டிராப் இருக்கே"ன்னு சிரிச்சா. அப்புறம் சிரிக்காம சொன்னதுதான் மேல எழுதினது.

சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு ரேடியோக்காரருக்கு ஃபைல் போகணும். இங்க பாப் பாட்டு போடுற எஃப்எம்ல 35 சதவீதம் கனடா பாட்டு இருக்கணும்னு 1999லருந்து ரூல், அதனால இடம் இருக்கு, அந்த இடத்துக்கு பெரிய க்யூவும் இருக்கு. அவ வேலைல ஷிஃப்ட்ல இருந்தா, ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கல. மூணாவது தடவ அடிச்சிருக்கலாம். முதல் அடியில மெல்லிசா ஒரு கிக் வச்சு அனுப்பிட்டேன். ரெண்டு வெர்ஷனும் அனுப்பிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஆமா, அனுப்பிருக்கலாம்.

பாட்டு ரேடியோல வந்துச்சு. 'நல்லா இருக்கு, தேங்க்ஸ்'னு மெசேஜ் போட்டா. எதுக்கெடுத்தாலும் நாலு எமோஜி போடுற பொண்ணு.

கோரஸ் வரி என்னன்னா, அவ பாட்டிகிட்ட ஆபீசர் கேக்குறாரு, பிள்ளைங்க இருக்கான்னு. அதுக்கு அடுத்த அடிதான் காலி. 1955லருந்து 1967 வரைக்கும் கரீபியன் பொண்ணுங்கள வீட்டு வேலைக்கு கூட்டிட்டு வந்த திட்டத்துல கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பிள்ளை இருக்கக் கூடாது, வயசு 18லருந்து 35க்குள்ள. பிள்ளைய ஊர்ல விட்டுட்டு, இல்லைன்னு சொல்லிட்டு வந்தவங்க உண்டு. அவ பாட்டியும் அப்படித்தான், விட்டுட்டு வந்த பிள்ளைதான் அவ அம்மா. அந்த வரிய நாப்பது தடவயாவது கேட்டிருப்பேன், 'ஸ்' சத்தம் குத்துதேன்னு குறைக்கிறதுக்காக. கேள்வி மட்டும் காதுல ஏறவே இல்ல. இல்ல, இதுவும் நானா கட்டுற அர்த்தமோ என்னவோ, அவ இத ஒரு தடவ கூட சொல்லல, வெறும் தாளத்துக்காகவே கூட கேட்டிருக்கலாம்.

சின்ன வயசுல மிருதங்கம் கத்துக்கிட்டவன் நான். பாட்டு, தாளம் தொடங்குற சமத்துல எடுக்காம அரை இடம் தள்ளி எடுத்தா அத யாரும் ஓட்டைன்னு சொன்னதில்ல, நானும் அடைக்கப் போனதில்ல. இங்க மட்டும் ஏன் கை அரிச்சுதுன்னு தெரியல.

ஆனா ரேடியோல கேட்டுட்டுதான் அவள ரெண்டு மேடைக்கு கூப்பிட்டாங்க, அதுவும் உண்மை. கிக் இல்லாம போயிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டாங்களா? மாட்டாங்கன்னு நெனச்சாதான் எனக்கு தூக்கம் வருது.

ரெண்டாவது மேடைக்குப் போய் பின்னாடி நின்னேன். கோரஸ் வந்துச்சு, டிரம்மர் கைய தூக்கிட்டாரு, யாருக்கும் எதுவும் விழுந்த மாதிரி தெரியல, என் கால் மட்டும் தானா தரையத் தட்டுச்சு. அவளோட அடுத்த இபி, அதாவது சில பாட்டு மட்டும் இருக்குற சின்ன ஆல்பம், வேற ஒருத்தர் மிக்ஸ் பண்றாராம். என் ரேட் கொஞ்சம் ஜாஸ்திதான், அதுவா இருக்கும்.