காவடிக்கு முன் கால்களுக்கும் ஆயத்தம் வேண்டும்

மொரீஷியஸில் தைப்பூசம் முடிந்த வாரத்தில் இயன்முறை மருத்துவரிடம் வருவோர் சொல்லும் வலிகள் பெரும்பாலும் ஒரே வகையானவை: குதிகால் வலி, முழங்காலின் முன்புற வலி, கழுத்துப் பிடிப்பு, உள்ளங்காலில் கொப்புளம். அவர்களுள் பலர் பத்து நாள் விரதத்தைச் சிறிதும் பிசகாமல் காத்தவர்கள். ஆயினும் ஆண்டு முழுவதும் அலுவலக நாற்காலியிலும் கார் இருக்கையிலும் கழிந்த கால்களுக்கு அந்தப் பத்து நாள்கள் போதா.

தசை சில வாரங்களிலேயே வலுப்பெறத் தொடங்கும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும், குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி விரியும் உள்ளங்கால் நார்ப்பட்டையும் புதிய சுமைக்கு ஏற்ப மாறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். செருப்பில்லாமல், தோளில் காவடியுடன், இடையிடையே ஊர்வலம் நிற்கும்போது தாமும் நின்று, பல மணி நேரம் கழிக்கும் ஒரு நாளில் அந்தத் திசுக்கள் அதுவரை அறியாத சுமையைத் திடீரென ஏற்கின்றன. நான் பார்க்கும் காயங்களில் பெரும்பகுதிக்கு இந்தத் திடீர்த் தாவலே காரணம். ஆகவே தீபாவளி முடிந்ததுமே ஆயத்தத்தைத் தொடங்குங்கள். தைப்பூசத்துக்குள் ஏறத்தாழ மூன்று மாதம் கிடைக்கும்.

முதலில் நடை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதை எட்டிய பின் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். அதனுடன் ஒருநாள் விட்டு ஒருநாள், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். இரு காலாலும் எளிதாகிவிட்டால் ஒற்றைக் காலில் செய்யுங்கள். கோர் தெ கார்ட் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்குப் படியேறுவோர், ஏறுவதற்கு மட்டுமல்லாமல் இறங்குவதற்கும் பழக வேண்டும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதால்தான் மறுநாள் தொடை வலிக்கிறது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சிகள் இதமாக இருக்கும். அவை மட்டுமே காயத்தைத் தடுத்துவிடும் என்று எண்ணுவது சரியன்று.

காவடியின் எடையைவிட, அதைப் பிடிக்கும் விதமே கழுத்துக்கு அதிகத் தீங்கு செய்கிறது. பதற்றத்தில் தோள்களைக் காதுவரை உயர்த்திச் சட்டத்தை இறுகப் பற்றுவோருக்கு ஒரு மணி நேரத்திலேயே பிடிப்பு வந்துவிடும். வீட்டில் சிறு சுமையொன்றைத் தோளில் வைத்து, மூச்சை வெளியேற்றித் தோள்களைத் தளர்த்தி நடந்து பழகுங்கள். ஊர்வலம் நிற்கும்போதெல்லாம் கெண்டைக்காலை அசைத்துக்கொண்டிருங்கள், ஏனெனில் அசையாமல் நிற்பவர்களின் கால்களில் இரத்தம் தேங்குவதே மயக்கத்துக்கு வழிவகுக்கும்.

மிகுந்த அக்கறையுடன் நான் எழுத விரும்புவது சர்க்கரை நோயாளர்களைப் பற்றியே. இத்தீவில் வளர்ந்தோருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்நோய் உண்டு. நீண்டகாலச் சர்க்கரை நோய் பாதத்தின் நரம்புகளைப் பாதிக்கும்போது சிலருக்கு வலி வரலாம்; பலருக்கோ வலியுணர்வே மறைகிறது. தைப்பூசம் எங்களுக்குக் கடுங்கோடைக் காலம். நண்பகல் தார்ச்சாலையின் வெப்பம் காற்றின் வெப்பத்தைவிட மிக அதிகம். உணர்வுள்ளவர் காலை இழுத்துக்கொள்வார். உணர்வற்றவர் தோல் வெந்தபின்னும் பக்தியோடு நடந்துகொண்டே இருப்பார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியும் இராது. விரதம் தொடங்குவதற்கு முன்பே அதைச் செய்துகொள்ளுங்கள். உணர்வு குறைந்திருப்பது தெரிந்தால் வெறுங்காலோடு சாலையில் நடக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கோயில் குருக்களிடம் நிலைமையைச் சொல்லுங்கள். பிரகாரத்துக்குள் மட்டும் பால்குடம் எடுப்பது போன்ற வழிகளை அவரோடு பேசி முடிவு செய்யலாம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்போர், உணவு நேரத்தை மாற்றுமுன் தம் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

அலகு குத்துவது என் துறைக்கு அப்பாற்பட்டது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மட்டும் அதுபற்றியும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

காவடி இறக்கிய அன்றிரவே பாதங்களைக் கழுவித் துடைத்து, அடிப்பகுதியைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், சர்க்கரை நோயாளர் சிறு கொப்புளமானாலும் மறுநாளே மருத்துவ நிலையத்தில் காட்ட வேண்டும். தொடையிலும் கெண்டைக்காலிலும் இரண்டு மூன்று நாள் பரவலாக இருக்கும் வலி இயல்பானது. மெல்ல நடந்தால் குறையும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தி, அது ஒரு வாரம் கடந்தும் நீடித்தால், அடுத்த தைப்பூசம்வரை பொறுக்காமல் வந்து காட்டுங்கள்.