மூன்றாவது புடவையில் கிடைத்த படம்

கல்லூரி இணையதளத்தில் துறைத்தலைவர்களின் பக்கத்துக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது, அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று முறை ஸ்டுடியோவுக்குப் போய், இரண்டு வாரமும் ஏறத்தாழ 2,000 ரூபாயும் செலவான பிறகே ஒழுங்கான படம் கைக்கு வந்தது. இடையில் ஒரு ஸ்டுடியோ என் முகத்தை வேறு யாருடைய முகமோ போல ஆக்கிக் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. புடவையில்தான் படத்துக்கு உட்காருவேன் என்று முடிவு செய்திருக்கும் பெண்களுக்கு என் அனுபவம் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் முறை நான் உடுத்தியது அகலச் சரிகை போட்ட அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு. வீட்டில் இருப்பதிலேயே மதிப்பான புடவை அதுதான். முக்கியமான படத்துக்கு அதையல்லாமல் வேறு எதை உடுத்துவது என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று காலையிலேயே பார்லருக்குப் போய்ப் புருவத்தைத் திருத்திக்கொண்டேன். சித்திரை வெயிலுக்குப் பயந்து சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசி, மதுரை நடுப்பகலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஸ்டுடியோ வரை நடந்தும் போனேன். இந்த மூன்றும் தவறு என்பது விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகே தெரிந்தது. நூல் இழுத்த இடம் சிவந்து தடித்திருந்தது. என் மூக்குக்கண்ணாடி வெயிலில் தானாகக் கறுக்கும் வகை. உள்ளே வந்து பல நிமிடங்கள் ஆகியும் அதன் கருமை முழுதாகத் தெளியவில்லை. வெயிலைத் தடுக்க சன்ஸ்கிரீனில் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஃபிளாஷ் வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பக்கூடியவை என்பதால், முகம் சாம்பல் பூத்ததுபோல் விழுந்து, பூச்சு எட்டாத கழுத்து மட்டும் இயல்பான நிறத்தில் இருந்தது.

இவை எல்லாவற்றையும் விடச் சரிகைதான் காரியத்தைக் கெடுத்தது. உலோகப் பளபளப்புள்ள இழை என்பதால், விளக்கு எரிந்த ஒவ்வொரு முறையும் தோளில் வெள்ளைக் கோடாக வெடித்தது. அதை அடக்குவதற்காக ஸ்டுடியோக்காரர் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனார். சரிகை அடங்கியபோது என் முகம் இருண்டுவிட்டது. புடவையை மாற்றி வரச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது விளக்கின் கோணத்தையாவது மாற்றியிருக்க வேண்டும். அவர் இரண்டையும் செய்யவில்லை. ஊரார் எல்லாரும் போட்டுக் கழற்றிய ஒரு கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்து, புடவைக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொன்னார். முதுகுப்பக்கம் கிளிப்புகளால் இழுத்துப் பிடித்த அந்தக் கோட்டை நான் மறுத்துவிட்டேன். அதன் பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசவே இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கொடுத்த படத்தில் முகம் இருட்டாக இல்லை. ஆனால் அது என் முகமாகவும் இல்லை. இருண்டு விழுந்த முகத்தைக் கணினியில் வெளுத்து, கண்ணுக்குக் கீழிருந்த கோடுகளை வழித்து, என் இடது கன்னத்தில் பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சத்தையும் அழித்திருந்தார்கள். இது நானில்லையே என்றேன். "கொஞ்சம் பளிச்சுனு இருந்தாத்தான் மேடம் நல்லா இருக்கும்" என்றார் கல்லாவில் இருந்தவர். திருத்தாத படத்தைக் கேட்டதற்கு, "ஒரிஜினல் எல்லாம் தர்றதில்லை மேடம், அழிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். 600 ரூபாய் போனதைவிட, 47 வயதுவரை நான் சுமந்த நிறத்தைக் கேட்காமலே ஒருவர் குறையாக எண்ணித் திருத்திவிட்டார் என்பதுதான் வலித்தது. ஒரு பெயர்பெற்ற முகப்பூச்சே 2020ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்ட நாட்டில், ஸ்டுடியோக்களில் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பே, முகநிறத்தை மாற்றக் கூடாது, மச்சத்தையும் தழும்பையும் தொடக் கூடாது, திருத்தாத கோப்பையும் தர வேண்டும் என்று சொல்லி ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இரண்டாம் முறை திருப்பரங்குன்றம் சாலைப் பக்கம் ஒரு பழைய ஸ்டுடியோவுக்குப் போனேன். பட்டு வேண்டாம் என்ற பாடம் கற்றிருந்ததால், நெருக்கமான சிறு கட்டம் போட்ட பருத்திப் புடவை உடுத்தினேன். முகம் நன்றாக விழுந்தது. ஸ்டுடியோத் திரையில் பார்த்தபோது எனக்கு முழுத் திருப்தி. மறுநாள் கல்லூரியில் இணையதளத்தைக் கவனிக்கும் தம்பி, "அம்மா, புடவை அலையடிக்குது" என்று கூப்பிட்டுக் காட்டினார். படத்தைப் பக்கத்துக்குத் தேவையான அளவுக்குச் சுருக்கியதும், கட்டங்கள் மறைந்து, தோள் முழுவதும் தண்ணீரில் வட்டம் எழும்பினாற்போல் நிழல் கோடுகள் ஓடின. துணியின் நுண்ணிய கட்டமும் டிஜிட்டல் படத்தின் புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் அமைந்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இப்படி இல்லாத ஒரு கோலத்தை உண்டாக்கிவிடுகின்றன. பெரிதாகப் பார்க்கும்போது தெரியாத இந்தக் குறை சுருக்கும்போதுதான் வெளிப்படும் என்பதால், ஸ்டுடியோவிலேயே படத்தைச் சிறிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். நெருக்கக் கோடு போட்ட ஆண்களின் சட்டைக்கும் இதே ஆபத்து உண்டு.

அந்த ஸ்டுடியோவின் பெரியவர் நல்ல மனிதர். படத்தைக் கொண்டுபோய்க் காட்டியதும், தானே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று வருந்தி, மூன்றாம் முறைக்குப் பாதிக் கட்டணம் போதும் என்றார். அலமாரியில் இருக்கும் ஐந்தாறு புடவைகளைச் சன்னல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வரச் சொல்லி, அவற்றிலிருந்து அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சரிகை இல்லாத, மெல்லிய மெரூன் கரை வைத்த, கருநீலக் கைத்தறிப் பருத்தி. கடைக்குக் கட்டிப்போக மட்டும் வைத்திருந்த புடவை அது. கிளிப்பச்சை ரவிக்கை போடலாமா என்று கேட்டபோது, அந்த நிறம் விளக்கொளியில் தாடையின் கீழே ஏறிவிடும் என்று தடுத்தார். சோதித்துப் பார்க்கச் சொன்னார். பச்சைத் துணியைக் கழுத்தருகே பிடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான், தாடைக்கடியில் பசலை படர்ந்தாற்போல் இருந்தது. கரையின் மெரூன் நிறத்திலேயே முழங்கை வரையுள்ள ரவிக்கையைப் போட்டுக்கொண்டேன்.

மடிப்பு விஷயத்தில் கஞ்சி குறைவாக இருப்பது நல்லது. விறைத்த முந்தானை தோளில் தனியாக எழுந்து நின்று கழுத்தைக் குறுக்கிக் காட்டும். நான்கு மடிப்பு வைத்து, ஊக்கை உட்பக்கமாகக் குத்தி, ரவிக்கையின் கழுத்து இழுபடாமல் இருக்கிறதா என்று பின்னாலும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்புக்குக் கீழே படத்தில் வராது. ஆட்டோவில் கசங்கும் கொசுவத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இந்த முறை புருவத்தை மூன்று நாள் முன்னதாகவே திருத்திக்கொண்டேன். தலைக்கு டை அடிப்பவர்களும் அந்த இடைவெளியை விடுவது நல்லது, நெற்றியோரத்தில் பிடித்த கறை போக நேரம் கிடைக்கும். தேங்காய் எண்ணெயை முதல் நாள் இரவே அலசிவிட்டேன், எண்ணெய்த் தலை விளக்கில் மினுங்கும். கல் பதித்த பொட்டை விட்டுவிட்டு மெரூன் ஸ்டிக்கர் பொட்டு வைத்தேன். மூக்குத்தியைக் கழற்றச் சொல்லும் ஸ்டுடியோக்கள் உண்டாம். பெரியவர் கழற்ற வேண்டாம் என்றார், நானும் கழற்றுவதாக இல்லை. சன்ஸ்கிரீன் பூசாமல் ஆட்டோவில் போனேன். கறுக்கும் கண்ணாடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பழைய சாதாரணக் கண்ணாடியை அணிந்துகொண்டேன். அதிலும் விளக்கு பிரதிபலித்தது. பெரியவர் விளக்கை உயர்த்திவிட்டு, கண்ணாடியின் காம்புகளைக் காதிலிருந்து நூலளவு தூக்கி வைத்தார். கண்ணாடி சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்ததும் என் கண்கள் தெளிவாகத் தெரிந்தன. அந்தச் சிறு வித்தை தெரிந்திருந்தால் பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்காக இத்தனை ஆண்டுகள் பட்ட அவதி மிச்சமாகியிருக்கும்.

படமெடுப்பது பத்து நிமிடத்தில் முடிந்தது. திருத்தம் என்று அவர் செய்தது, அன்று நெற்றியில் புதிதாக முளைத்திருந்த ஒரு பருவை எடுத்தது மட்டும்தான். அதற்கும் என் அனுமதியைக் கேட்டார். ‘நிறம், மச்சம் மாற்றப்படவில்லை, மூலக்கோப்பு தரப்பட்டது’ என்று ரசீதின் கீழே கையால் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை படம் இணையதளத்தில் ஏறியது. அங்கே எல்லாருடைய படத்தையும் வட்டமாக வெட்டுகிறார்கள். முந்தானைக் கரை பாதி போய்விட்டது, ஆனால் மச்சம் அதன் இடத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கடைக்குக் கட்டுற புடவைதானே இது?" என்று கேட்டார்.