மகளுக்கு நெறி கட்டியபோது

மகளுக்கு மூன்று வயது ஆகியிருந்தது. வலது தாடைக்குக் கீழே நெறி கட்டியது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஓடி விளையாடிக்கொண்டுதான் இருந்தாள். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட் பக்கம். குழந்தை மருத்துவர் ஒரு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார், அப்புறம் இன்னொன்று. கட்டி அசையவே இல்லை. நான்காவது வாரம் அதன் மேல்தோல் நாவல்பழ நிறத்துக்கு மாறி, மெலிந்து பளபளத்தது. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். “கண்டமாலை மாதிரி இருக்கேடி” என்றார். கழுத்தில் வரும் காசநோய்க்கு ஊரில் சொல்லும் பெயர் அது.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். “சமீபத்தில் இந்தியா போனீர்களா?” என்பதுதான் முதல் கேள்வி. போயிருந்தோம், ஐந்து மாதம் முன்பு, காஞ்சிபுரத்தில் ஆறு வாரம். “அங்கே வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா?” அப்பாவுக்கு இருந்தது. அன்றிரவு தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். மறுநாள் காலையிலேயே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளி கொடுத்துவிட்டு வந்தார். “நான்தானே எந்நேரமும் குழந்தையைத் தூக்கி வச்சிருந்தேன்” என்று மட்டும் சொன்னார். முடிவு வரும்வரை வீடியோ காலில் முகம் காட்டவில்லை. சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அவர் மனசு ஆறவில்லை.

இங்கே மகளுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. காசநோயைக் கண்டறியத் தோலில் போடும் மாண்டூ ஊசி, போட்ட இடத்தில் 12 மில்லிமீட்டர் தடிப்பு. எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அதே காசநோய்க்கான குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது, எதை நம்புவது? மாண்டூவில் இருப்பது பல புரதங்களின் கலவை, அவற்றில் பல காசநோய்க் கிருமி சேர்ந்த மைக்கோபாக்டீரியா குடும்பம் முழுக்கப் பொதுவானவை என்று மருத்துவர் விளக்கினார். ரத்தப் பரிசோதனை காசநோய்க் கிருமியின் குறிப்பிட்ட புரதங்களை மட்டும் வைத்துப் பார்க்கிறது. அவை காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியிலும் இல்லை, அதே குடும்பத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியம் ஏவியம் என்ற கிருமியிலும் இல்லை. ஆக, உள்ளே இருப்பது காசநோய்க் கிருமியாக இல்லாமல் அதன் பங்காளியாக இருக்கலாம். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. சின்னக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு பக்கக் கழுத்தில் கட்டியாக வருவதுதான் அதன் வழக்கம், ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது.

அப்போதுதான் அவர் என் மகனின் இடது தோளைப் பார்த்தார். அவன் காஞ்சிபுரத்தில் பிறந்தவன், பிசிஜி தழும்பு இருக்கிறது. மகள் இங்கே பிறந்தவள். ஜெர்மனியில் 1998 முதல் பிசிஜி பரிந்துரையில் இல்லை. “போட்டிருந்தால் இது வந்திருக்காதா?” என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு குறைந்திருக்கும் என்றார். ஸ்வீடன் 1975இல் எல்லாக் குழந்தைகளுக்கும் பிசிஜி போடுவதை நிறுத்தியது. அதன்பின் ஊசி போடாத சிறு குழந்தைகளுக்கு இந்த வகைத் தொற்று, போட்டவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகம் வந்தது. அப்படியும் லட்சம் குழந்தைகளில் சில பத்துப் பேருக்குத்தான். மாட்டுக் காசநோய்க் கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கிய ஊசி பிசிஜி. பிறந்த குழந்தையின் டி செல்கள் எனும் எதிர்ப்பு அணுக்களுக்கு அது ஒரு கிருமியை அறிமுகப்படுத்தும்போது, குடும்பத்தின் பொதுச் சாயலும் பழகிவிடுகிறது. தொழுநோய்க்கு எதிராகவும் பிசிஜி ஓரளவு காப்பது இதனால்தான்.

வீட்டுக்கு வந்து மேலும் படித்தபோது எங்கள் ஊர்ப்பக்கமே எதிர்ப்பட்டது. அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மாபெரும் பிசிஜி ஆய்வு, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுத்ததாகக் காட்டவில்லை. அந்த மண்ணிலும் நீரிலும் உள்ள பங்காளிக் கிருமிகளோடு உடல் முன்பே பழகிவிட்டதால் ஊசி புதிதாகச் சேர்க்க அதிகம் இல்லாமல் போனது என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இதைப் படித்த பிறகு, பிறந்தவுடனே ஏன் போடுகிறார்கள் என்பது எனக்குப் புது வெளிச்சத்தில் தெரிந்தது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு எதிராக அது நன்றாகவே காக்கிறது.

சரி, கட்டியை என்ன செய்வது? சும்மா விட்டாலும் ஆறும், ஆனால் மாதக்கணக்கில் உடைந்து ஒழுகலாம். நெதர்லாந்தில் 100 குழந்தைகளை வைத்து ஒப்பிட்டதில், அறுவை சிகிச்சையில் 96 சதவீதமும் ஆன்டிபயாட்டிக்கில் 66 சதவீதமும் குணமானதாக மருத்துவர் சொன்னார். கீறிச் சீழை மட்டும் எடுத்தால் புரையோடும், முழுக் கட்டியையும் எடுக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொன்னார். கீழுதட்டை அசைக்கும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, கையெழுத்துப் போட்டோம்.

அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியைப் பரிசோதித்தார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் முடிவு முதலில் வந்தது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பல வாரம் கழித்து. இரண்டிலும் ஏவியம்தான். பிசிஆர் முடிவு வந்த அன்று, ஊரில் நள்ளிரவு என்றும் பாராமல் அப்பாவைக் கூப்பிட்டேன். “உங்ககிட்டேயிருந்து வரலப்பா, யாருகிட்டேயிருந்தும் வராதாம்” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “குழந்தையைக் காட்டு” என்றார். தூங்கிக்கொண்டிருந்தவளின் பக்கம் போனைத் திருப்பினேன்.

சிரித்தால் உதடு ஒரு பக்கம் கோணியது. ஆறாவது வாரம் நேராகிவிட்டது.