மாரியோவைத் தூக்கிவிட்டு ஆச்சியை ஓடவிடுதல்: மே மாதக் குறிப்புகள்

மே 3, 2025, சனி

அக்கா மகள் லீவுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. செல்போனைப் பிடுங்கி வைத்த பாவத்துக்குப் பரிகாரமாக, லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய கேம் மெஷினைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டு 1985-ன் சூப்பர் மாரியோ பிரதர்ஸைத் திறந்து கொடுத்தேன். எங்கள் காலத்தில் இதுதான் டிவி கேம், சொருகுகிறது கேசட். எட்டு வயதுக்காரிக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். பாதாளக் கட்டம் வரை போய் ரெண்டு தடவை செத்துவிட்டு, "மாமா, இந்த மீசைக்காரருக்குப் பதிலா ஆச்சி ஓடுனா எப்படி இருக்கும்?" என்றாள்.

ஆச்சி என்றால் என் அம்மா. அப்போது அடுப்படியில் வற்றல் வறுத்துக்கொண்டிருந்தாள்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 2013-ல் மைக் மிகா செய்தது ஞாபகம் வந்து தொலைத்தது. குரங்கு தூக்கிப்போன பாலின் என்ற பெண்ணை மாரியோ ஏணி ஏறி மீட்கிற கேம் டாங்கி காங். மூன்று வயது மகள் அதில் அந்தப் பெண்ணாக விளையாடி மாரியோவைக் காப்பாற்ற முடியாதா என்று கேட்டாள் என்பதற்காக, பாலினை ஏணி ஏறவைத்து, மாரியோவை மேலே குரங்கிடம் மாட்டிவிட்டார். மேலே இருந்த எம் என்ற எழுத்தைக்கூட பி ஆக்கினார். அவர் கேம் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர். நான் ஹார்டுவேர் கடைக்கு பில் போடுகிறவன். சரி, பார்ப்போம்.

மே 4

இன்றைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம். காலையிலேயே வெளியே கால் வைக்க முடியவில்லை, ஆகவே வேலை நடந்தது.

மொத்த கேமும் 40,976 பைட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் இதைவிடப் பெரிது. முதல் 16 பைட் முகப்பு, அடுத்த 32,768 ப்ரோகிராம், கடைசி 8,192 பைட்தான் படங்கள். அந்தக் கடைசிப் பகுதியை ஒய்ஒய்-சிஎச்ஆர் என்ற மென்பொருளில் திறந்தால் 512 கட்டங்கள் தெரியும், ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு புள்ளி. பாதி ஆட்களுக்கு, பாதி பின்னணிக்கு. மாரியோ முழு ஆளாக எங்கேயும் இல்லை. கறிக்கடையில் தொங்குகிற மாதிரி தலை ஒரு கட்டம், தொப்பை ஒரு கட்டம், பூட்ஸ் வேறொரு மூலையில். சின்ன மாரியோவுக்கு நாலு துண்டு, காளான் தின்று வளர்ந்த பெரிய மாரியோவுக்கு எட்டு. எந்த நேரத்தில் எந்தத் துண்டை எங்கே ஒட்டுவது என்ற அட்டவணை ப்ரோகிராமுக்குள் இருக்கிறது.

ஒரு ஆளுக்கு மூன்று நிறம்தான், நாலாவது ஒளி ஊடுருவும் வெறும் இடம். மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோ அவனுக்குத் தொப்பி வைத்தது முடி வரைய முடியாததால், மீசை வைத்தது மூக்கு தெரிவதற்காக என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அது எவ்வளவு உண்மை என்பது மவுஸைப் பிடித்த பத்தாவது நிமிடத்தில் புரிந்துவிட்டது. முகத்துக்கு என்று கிடைப்பது விரல் விட்டு எண்ணுகிற அளவு புள்ளிகள். அதற்குள் வயது, பாசம், கோபம் எதுவும் நுழையாது. கொண்டையை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

மே 6

நிறம். மாரியோவின் நிற வரிசை ப்ரோகிராமில் 22, 16, 27, 18 என்று பதினாறடிமான எண்களாக இருக்கிறது. 22 வானம், 16 சிவப்பு, 27 தோல், 18 தலைமுடியும் சட்டையும். கோப்பின் பைட்டுகளை எண்களாகவே காட்டித் திருத்தவிடும் ஹெக்ஸ் எடிட்டரில் அந்த நாலு எண்ணைத் தேடிப் பிடித்து, சிவப்பை 06 ஆக்கினேன், அரக்குச் சேலை வந்துவிட்டது. தோலை 17 ஆக்கினேன், எங்கள் வீட்டு நிறம். கடைசி எண்ணை 30 ஆக்கினால் வெள்ளை முடி, கூடவே வெள்ளை ஜாக்கெட். முடிக்கு ஒரு நிறம் ஜாக்கெட்டுக்கு ஒரு நிறம் என்று தர இந்த மெஷினிடம் வசதி இல்லை. கண்ணாடிக்கும் சேலை நிறம்தான்.

சின்ன மாரியோ இடத்தில் கூன் விழுந்த ஆச்சி, கையில் கம்பு. காளான் தின்றதும் நிமிர்ந்த ஆச்சி. இந்த யோசனை வந்தபோது எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் கரண்ட் போய், சேமிக்காமல் வைத்திருந்த ஓடும் படம் மூன்றும் போயிற்று. மறுபடி வரைந்தேன். இரண்டாவது தடவை வரைந்ததுதான் நன்றாக இருக்கிறது, அதைச் சொன்னால் வயிற்றெரிச்சல்.

மே 7

முதல் ஓட்டம். ஆச்சி ஓடினாள்! பாப்பா கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. முதலில் கம்பு. நடக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மோதல் கணக்குக்கும் படத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ப்ரோகிராமைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டி, அது குழாயில் முட்டினால் நிற்கும். பெட்டிக்கு வெளியே நீட்டியிருந்த கம்பு குழாய்க்குள் சொருகிக்கொண்டு நின்றது.

செத்தபோதுதான் உண்மையான வேடிக்கை. சாகிற படத்துக்கு நாலு துண்டு இல்லை, இரண்டுதான். இடது பாதியை வரைந்து வைத்திருக்கிறார்கள், வலது பாதி அதையே கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டது. மாரியோ கையையும் காலையும் விரித்துக்கொண்டு விழுவதால் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். என் ஆச்சி சாகும்போது இரண்டு கையிலும் இரண்டு கம்போடு, பனிச்சறுக்குக்குப் போகிறவள் மாதிரி மேலே எழும்பிக் கீழே போனாள். நிற்கிற படத்திலும் இதே சிக்கனம். கால் பக்கம் பாதிதான் உண்டு, ஆகவே சேலைக் கொசுவம் இரண்டு பக்கமும் வந்துவிட்டது. பெரிய ஆள் நீந்தும் படத்துக்கு நடையின் இரண்டாவது படத்திலிருந்து தலையைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அங்கே கொண்டையை ஒரு புள்ளி நகர்த்தினால் தண்ணீருக்குள்ளும் கொண்டை நகர்கிறது. 8 கேபிக்குள் ஒரு உலகத்தை அடைத்தவர்கள் அவர்கள், ஒரு கட்டத்தைக்கூட வீணாக்கவில்லை. மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும்தான் வேறு.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"ஏல, நான் எப்பம்ல கம்பு ஊன்னுனேன்?"

சத்தியமாக அவள் ஊன்றியதில்லை. எழுபத்திரண்டு வயதில் மாடிக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறுகிறவள். பாட்டி என்றதும் கை தானாகக் கம்பை வரைந்திருக்கிறது. சரி, கம்பு போயிற்று. கூனையும் எடுக்கச் சொல்வாளோ என்று, காளான் தின்றால் நிமிர்வதை அவசரமாக ஓட்டிக் காட்டினேன்.

"காளான் தின்னா கூன் நிமிருமா?" என்று கேட்டாள். அதற்குள் பாப்பா ஒரு ஆமையை மிதித்துவிட்டாள். "ஏட்டி, அந்த ஆமை உன்னைய என்ன பண்ணிச்சு?" என்றபடி எழுந்து போய்விட்டாள். கூனைப் பற்றித் தீர்ப்பு சொல்லவில்லை, ஆகவே அது இருக்கிறது.

மே 10

நெருப்புப் பூவைத் தின்றதும் ஆச்சி வெள்ளைக்காரி ஆகிவிடுகிறாள். பூ தின்ற மாரியோவுக்குத் தனியாக ஒரு நிற வரிசை, 37, 27, 16. அதை நான் தொடவே இல்லை. மாற்றிவிட்டேன், இப்போது மஞ்சள் சேலை.

நட்சத்திரத்தைப் பிடித்ததும் ஆள் மினுமினுப்பதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அந்த மினுமினுப்புக்கென்று நிறம் எதுவும் இல்லை. திரையில் ஆட்களுக்கான நாலு நிற வரிசைகளையும் வேகமாகச் சுழற்றுகிறார்கள், அவ்வளவுதான். ஆச்சி ஒரு கணம் ஆமை நிறம், ஒரு கணம் காளான்பூச்சி நிறம். பாப்பாவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று தோன்றியது. படம் மாறியதே தவிர ஓட்டம் மாறவில்லை. ஓடிவந்து திரும்பினால் சறுக்குவது, பட்டனை அழுத்திப் பிடித்தால் உயரக் குதிப்பது எல்லாம் மாரியோதான். அம்மா நடை வேறு, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, வேகமாக. அந்த எண்களும் உள்ளேதான் இருக்கின்றன. 1986-ல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகத்தில் மாரியோவின் தம்பி லூய்ஜி அதிகம் குதிப்பதும் அதிகம் வழுக்குவதும் அப்படி எண் மாற்றியதுதான். கை வைத்துப் பார்த்தேன், ஆச்சி திரைக்கு மேலே போய்விட்டாள். பழைய கோப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மே 11

வேலை இல்லை, வாசிப்புதான். அமெரிக்காக்காரர்கள் 1988-ல் சூப்பர் மாரியோ 2 என்று விளையாடியதே ஒரு ஆள்மாற்று வேலை. அதன் மூலம் 1987-ல் ஃபுஜி டிவியோடு சேர்ந்து நின்டெண்டோ வெளியிட்ட டோக்கி டோக்கி பேனிக். அதில் இமஜின், லீனா, அப்பா, அம்மா என்று ஒரு குடும்பம். இமஜின் இடத்தில் மாரியோவையும், லீனா இடத்தில் இளவரசியையும், அப்பா இடத்தில் காளான் தலைக்காரன் டோடையும் ஒட்டிவிட்டார்கள். எல்லாரையும்விட உயரமாகக் குதிக்கிறவர் அந்த அம்மா. அவர் இடத்துக்குத்தான் லூய்ஜி வந்தான். ஆக, ஒரு அம்மாவைத் தூக்கிவிட்டு மீசைக்காரனை வைத்ததற்கு இப்போது நான் பழிதீர்த்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் சொன்னேன். "லீனாவுக்கு எத்தன வயசு?" என்று மட்டும் கேட்டாள்.

மே 14

பெயர். மேலே இடது பக்கம் மாரியோ என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. இந்த கேமில் எழுத்துகளும் கட்டங்கள்தான். 0 முதல் 9 வரை எண்கள், 10-லிருந்து ஏ, பி, சி. ஆகவே மாரியோ என்பது, சாதாரண எண்களில் சொன்னால், 22, 10, 27, 18, 24. நாலு இடத்தில் வருகிறது.

ஆச்சியைத் தமிழில்தான் போட வேண்டும் என்று பாப்பா பிடிவாதம். ஆ, ச், சி, மூன்று கட்டம் வேண்டும். எழுத்து எதையாவது காவு கொடுக்க வேண்டும். கேமில் வரும் வாசகங்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதி, வந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தோம். கடைசியில் மிஞ்சியவை எஃப், ஜே, எக்ஸ். சரியாக மூன்று! இவ்வளவு வருஷமாக யாருக்கும் பயன்படாமல் இந்த மூன்று கட்டங்களும் ஆச்சிக்காகக் காத்திருந்த மாதிரி.

எட்டுப் புள்ளிக்குள் ஆ எழுதுவது ஒரு தண்டனை. முதல் ஆ, 3-ம் கூட்டல் குறியும் இடித்துக்கொண்டது போல இருந்தது. சுழியை விட்டால் வயிறு இல்லை, வயிறு வைத்தால் கீழே கொக்கிக்கு இடம் இல்லை. ஐந்தாவது முயற்சியில் வலது கோட்டை ஒரு புள்ளி உள்ளே தள்ளிக் கொக்கிக்கு இரண்டு புள்ளி ஒதுக்கினேன். படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ச்-க்குப் புள்ளி வைக்க, ச-வையே குட்டையாக்க வேண்டியிருந்தது.

15, 19, 33, அப்புறம் இரண்டு வெற்றிடம். கோட்டைக் கடைசியில் வரும் நன்றிச் செய்தியில் ஆச்சிக்கும் ஆச்சரியக்குறிக்கும் நடுவே அந்த இரண்டு வெற்றிடமும் பல்லிளித்தன. குறியை முன்னால் இழுத்துவிட்டேன்.

மே 17, சனி

நாளை மறுநாள் பாப்பா ஊருக்குப் போகிறாள். அவளுடைய சிநேகிதிக்கு அனுப்ப ஐபிஎஸ் பேட்ச் செய்தேன். கேம் கோப்பையே அனுப்புவது சரியில்லை. பேட்சில் நான் மாற்றிய பைட்டுகளும் அவை எந்த இடத்தில் என்பதும் மட்டுமே இருக்கும். அம்மாவின் மொத்த உருவமும் இரண்டு கேபி-க்குள் அடங்கிவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று இரண்டு பேர் ஆட்டத்தைப் போட்டோம். என் முறை வந்ததும் லூய்ஜிக்குப் பதிலாக வெள்ளைச் சேலையில் பச்சைத் தலையோடு இன்னொரு ஆச்சி நிற்கிறாள். லூய்ஜிக்கு என்று இந்த கேமில் படமே கிடையாது, மாரியோவின் படத்துக்கு நிறம் மாற்றியதுதான். பாப்பாவுக்குத் தாத்தா வேண்டுமாம். அதற்கு இடமே இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "அது என் தங்கச்சின்னு வச்சுக்கட்டி," என்றாள்.

சின்னாச்சி! சி, ன், னா, ச், சி. லூய்ஜி மாதிரியே ஐந்து கட்டம், ஒரு வெற்றிடம்கூட வேண்டாம். ச்-ம் சி-யும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் ன்-க்கும் னா-வுக்கும் கட்டம் இல்லை. மறுபடி தாளை எடுத்தோம். இசட், வார்ப் ஸோன் என்பதில் மட்டும் வருகிறது. க்யூ, குவெஸ்ட் என்ற சொல்லில் மட்டும், அதுவும் எட்டாம் உலகத்தை முடிக்கிறவர்களுக்கு மட்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு, 35 வந்த இடத்தில் 28 போட்டேன். நம் ஊரில் அதை எஸ் போட்டுத்தானே சொல்லுகிறோம். 26-க்கு 20, அங்கே இனிமேல் கே.

ன் வரைந்துவிட்டேன், னா காலையில்.