பொன்னாடைக்கு முன் பட்டியல்

முன்னாள் படைவீரர் கூடுகைகளில் ஓய்வுபெற்ற அதிகாரிகளைக் கௌரவிக்கும் வேலை பட்டியல் தயாரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கேடயத்துக்கும் பொன்னாடைக்கும் ஓடியாடுவதில் பாதி அக்கறையைப் பட்டியலைச் சரிபார்ப்பதில் காட்டினாலே, மேடையில் நேரும் மனவருத்தங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம். ஒருவரின் விருதின் பெயரைத் தப்பாக வாசித்துவிட்டு எத்தனை உயர்ந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினாலும், அந்த மூத்தவருக்கு அது மரியாதையாகப் படாது.

ஒருவருக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பதவி, யூனிட், சேவைக் காலம், பங்கேற்ற போர், விருது. விருதை மட்டும் யாரோ சொல்லக் கேட்டு எழுதவே கூடாது. வீரதீர விருதுகள் அரசிதழில் வெளியானவை. பாதுகாப்பு அமைச்சகத்தின் வீரதீர விருதுகள் தளத்திலும் பார்க்கலாம். வீர் சக்ராவும் சௌர்ய சக்ராவும் ஒன்றல்ல: முன்னது எதிரியின் முன்னே காட்டிய வீரத்துக்கு, பின்னது போர்முனைக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு. சேனா பதக்கம் வீரத்துக்கும் உண்டு, பணிச் சிறப்புக்கும் உண்டு. எது என்று குறிப்பில் இருக்க வேண்டும். போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்படுவதும் (மென்ஷன்-இன்-டெஸ்பாட்சஸ்) ஒரு கௌரவம்தான். ஆனால் அப்படிக் குறிப்பிடப்பட்டவருக்குத் தனிப் பதக்கம் கிடையாது, பதக்க ரிப்பனில் ஒரு சின்னத் தாமரை இலைதான். நகத்தளவு உலோகம். தெரியாதவர் கண்ணில் அது படவே படாது. அதனால் அவரிடமே கேட்டுத் தாளில் எழுதிவிடுவது நல்லது.

அடிக்கடி சறுக்குகிற இடம் பதவி. 1971 போரில் கேப்டனாக விருது பெற்றவர் பிரிகேடியராக ஓய்வு பெற்றிருக்கலாம். மேடைக்கு அழைக்கும்போது பிரிகேடியர் என்றும், விருதுக் குறிப்பை வாசிக்கும்போது அன்றைய கேப்டன் என்றும் சொல்ல வேண்டும். இரண்டையும் குழப்பினால், பிளட்டூன் என்ற சிறு படைக்குழுவுக்கு முன்னால் நின்று சண்டையிட்டவர் தலைமையகத்தில் உட்கார்ந்திருந்தவர்போல் ஆகிவிடுவார். எழுதும்போது ‘ஓய்வு’ என்ற குறிப்பு பெயருக்குப் பின்னால் வர வேண்டும், பதவிக்கும் பெயருக்கும் நடுவில் அல்ல. ஓய்வு பெறுவது அதிகாரிதான், பதவி அல்ல என்பது இராணுவத் தலைமையகமே வலியுறுத்திய முறை. கேடயத்தில் பொறித்த பிறகு இதைத் திருத்த முடியாது. பொறிப்பவருக்கு அனுப்பும் வாசகத்தை அந்த அதிகாரியிடமோ குடும்பத்தாரிடமோ காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

சிப்பாயாகச் சேர்ந்து, சுபேதார் மேஜராக உயர்ந்து, கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றவர்களை அதிகாரிகள் பட்டியலில் விட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது பெரிய தவறு. பட்டாலியனைத் தோளில் சுமந்தவர்களில் பலர் அவர்கள்தான்.

யாரை முதலில் அழைப்பது? பதக்கங்களை அணியும் அதிகாரபூர்வ வரிசையில், பணிச் சிறப்புக்குத் தரப்படும் அதி விசிஷ்ட சேவா பதக்கம் வீர் சக்ராவுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் கூடுகை மேடைக்கு அந்த வரிசைதான் என்று கட்டாயமில்லை. வீரதீர விருது பெற்றவர்கள் முதலில், பிறகு வயது வரிசை என்பதே என் தேர்வு. எந்த முறையானாலும் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

நினைவுச் சின்னத்தில் மலர்வளையம், லாஸ்ட் போஸ்ட் என்ற ஊதுகொம்பு அஞ்சலி இசை, இரண்டு நிமிட மௌனம் எல்லாம் பாராட்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். உயிர் நீத்தவர்களுக்குத்தான் முதல் மரியாதை. வீரமரணம் அடைந்தவரின் மனைவியோ பிள்ளையோ அவருடைய பதக்கங்களை அணிந்து வந்தால், அவை வலது மார்பில் இருக்கும். விவரம் தெரியாத தொண்டர்கள் இடப்பக்கம் மாற்றிக் குத்தச் சொல்வதுண்டு. முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பொன்னாடையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கம்போல இரு தோளிலும் போர்த்தினால் இடது மார்புப் பதக்கங்கள் அப்படியே மறைந்துபோகும். நூல் பதக்க ஊசியில் மாட்டிக்கொண்டால், எடுக்கும்போது ரிப்பன் கிழியும். வலது தோளில் மட்டும் மடித்துப் போடலாம், அல்லது கையில் கொடுக்கலாம். புகைப்படத்திலும் பதக்கங்கள் தெரியும்.

1971-ல் இளம் லெப்டினன்டாக இருந்தவரே இன்று எழுபதைத் தாண்டியவர். 1965-ஐப் பார்த்தவர்களுக்கு எண்பதுக்கு மேல். படியேற முடியாதவரிடம் மேடை இறங்கி வரட்டும். தலைமை விருந்தினர் அவர் நாற்காலிக்கே போய் மரியாதை செய்யலாம். பீரங்கிப் படையில் இருந்த பலருக்குக் காது மந்தம். ஒலிபெருக்கிக்கு அருகில் உட்கார வைத்தால் காதுக் கருவியில் சத்தம் இரைச்சலாகும், பேசுவதும் புரியாது. தள்ளி உட்கார வைத்து, பெயர் வரும்போது தோளைத் தொட்டுச் சொல்ல ஒரு இளைஞரைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

அழைப்பது, குறிப்பை வாசிப்பது, படம் எடுப்பது எல்லாம் சேர்த்து ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகும். இருபது பேருக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் கடைசியில் வருபவர்களின் குறிப்பைச் சுருக்கத் தோன்றும். அதைவிட அமர்வை இரண்டாகப் பிரிப்பது நல்லது. சுருக்க வேண்டுமானால் சிறப்புரைகளைச் சுருக்குங்கள்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு மறுபடி ஒரு முறை எல்லார் வீட்டுக்கும் தொலைபேசியில் பேசிவிடுங்கள். இடையில் காலமானவரின் பெயரை மேடையில் உரக்க அழைப்பதுபோன்ற கொடுமை வேறில்லை. வாசித்த தாளைக் கையொப்பமிட்டு உறையில் போட்டுக் குடும்பத்திடம் கொடுத்துவிடலாம். அப்பா எந்தப் போரில் எங்கே இருந்தார் என்பது பல வீடுகளில் பிள்ளைகளுக்கே தெரியாது.